நீலச் சாயம் பூசிய டியூப்

ஜூலியட்டுக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுபோகும். பிறகு கழுத்து சிவக்கும். அதற்குப் பிறகு என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. தெஹியோவிட்டவுக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில், மேட்டு லயத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எல்லோரும் அவளைப் பற்றி ஒரே மாதிரிச் சொல்லும் விஷயம் இதுதான். 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கொழும்பில் அலங்கார மீன் விற்கும் கடை ஒன்றில் அவள் நின்றபோது பேச்சு நின்றுபோகிற கட்டத்துக்கு வந்திருந்தது.

"நோனா எழுதித் தந்தாங்களா?" என்று சிங்களத்தில் கேட்டான் கடைக்காரன். அவள் கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துத்தான் கேட்டான். அதில் தொட்டியின் அளவு எழுதியிருந்தது. நீளம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒரே ஒரு அடி.

"நானே எழுதினது. தொட்டி என்னோடது."

"உப்புத் தண்ணித் தொட்டியா?"

"ஆமா."

அவன் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தான். ரப்பர் செருப்பு, துணிப்பை, பஸ்ஸில் கசங்கிய சேலை. "எந்த வீட்டுல வேல செய்றீங்க? உங்க நோனாவ ஒரு நாளைக்கு வரச் சொல்லுங்க. நான் அவங்களுக்கு வெளங்கப்படுத்துறேன்" என்றான்.

ஜூலியட் மூச்சை இழுத்து விட்டாள். முனையில் 03 என்று அச்சடித்த நீல டியூப் ஒன்று வேண்டும், இரண்டடி நீளம், அதோடு பகல் வெளிச்சம் தருகிற வெள்ளை டியூப் இரண்டு வேண்டும் என்றாள். அவன் சிரித்தான். அதெல்லாம் பெரிய ஆட்கள் வாங்குவது, உங்களைப் போலப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது போதும் என்று ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். பெட்டியின்மேல் பவளப் பாறையும் கோமாளி மீனும் படமாக இருந்தன. உள்ளே மூடியோடு சேர்ந்த நீல டியூப் ஒன்றும் வெள்ளை டியூப் ஒன்றும். "அதே நீலந்தான்" என்றான். நான்கு மாதம் சேர்த்த காசு கையில் இருந்தது. பஸ் பிடிக்க வேண்டிய நேரமும் நெருங்கியிருந்தது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில், ஓரறை வீட்டில், குடியிருக்கும் ஒருத்திக்கு உப்புத் தண்ணீர்த் தொட்டி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. ஐயாவு என்கிற புருஷனிடம் மட்டும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

இருபத்திரண்டு வயதில் வத்தளைப் பக்கம் மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அது 1994. கடல் மீன்களையும், வெளிநாட்டிலிருந்து வந்து மறுபடி வெளிநாட்டுக்கே போகிற பவள வகைகளையும் பிளாஸ்டிக் பையில் தண்ணீர் விட்டு, ஒட்சிசன் ஊதி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டுகிற வேலை. தகரக் கொட்டகைக்குள் மங்கலான ஒரு பல்பின் கீழே நாள் முழுக்க ஈரத்தில் நிற்க வேண்டும். அந்தப் பவள வகைகளை 'பட்டன்' என்றும் 'மஷ்ரூம்' என்றும் அங்கே சொல்லுவார்கள். அவள் கண்ணுக்கு அவை கல்லில் ஒட்டிய பழுப்பு நிறச் சதைத் துண்டுகள். பத்து வருஷம் அப்படித்தான் தொட்டாள், கழுவினாள், கட்டினாள்.

வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்கென்று முன்பக்கத்தில் குளிரூட்டிய அறை ஒன்று இருந்தது. கொட்டகைப் பெண்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. 2004 கடைசியில், கூட்டித் துடைக்கிற பெண் வராத ஒரு நாள், ஜூலியட்டைத் துணியும் வாளியும் கொடுத்து அனுப்பினார்கள். கதவைத் திறந்தாள். அவள் கட்டி அனுப்பிய அதே பழுப்புச் சதைகள் அங்கே பச்சையாகவும், ஊதாவாகவும், தணல் பட்டது போன்ற சிவப்பாகவும் விரிந்து கிடந்தன. தண்ணீருக்குமேல் நீல டியூபும் வெள்ளை டியூபும் எரிந்தன. வெளிச்சம்தான் வித்தியாசம். வேறொன்றுமே இல்லை.

"எனக்கு அழுகை வரல. ஆத்திரந்தான் வந்துச்சு" என்று ஐயாவுவிடம் சொன்னாள். "பத்து வருசமா என் கைக்குள்ள இருந்ததுங்க. ஒருத்தன் ஒரு பல்பப் போட்டுக் காட்டலயே."

டியூபைத் துடைக்கும்போது முனையில் இருந்த 03ஐ மனதில் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதமே சுனாமி. வியாபாரம் விழுந்தது, கொட்டகைப் பெண்களில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். ஜூலியட் தோட்டத்துக்குத் திரும்பி, ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஐயாவுவைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து, பழைய கம்பெனி மேற்பார்வையாளரிடம் போய், குப்பையில் போடப்போகிற நலிந்த துண்டுகளைக் கேட்டாள். பட்டன் ஒட்டிய கல் இரண்டு, மஷ்ரூம் நான்கு, கால் கிழிந்த கடற்பூ ஒன்று கிடைத்தன. கடற்பூ என்பது பூ இல்லை, உயிர். நூறு விரல் போல அசைகிற ஒரு பிராணி. அதுதான் எல்லாவற்றையும்விட அதிக வெளிச்சம் கேட்பது.

தொட்டியை ஓரடி உயரத்துக்குமேல் வேண்டாம் என்று அவளே சொல்லி அவிசாவளையில் கண்ணாடி வெட்டுகிறவரிடம் ஒட்டுவித்தாள். ஆழம் கூடினால் வெளிச்சம் அடிவரை போகாது, பெரிய விளக்கு வேண்டும், அது கட்டுப்படியாகாது என்கிற கணக்கு. கடல் தண்ணீர் ஹுஸைன் கொண்டுவந்தார். வாரம் ஒருமுறை நீர்கொழும்பிலிருந்து வேனில் மீன் ஏற்றி வந்து தோட்டம் தோட்டமாக விற்கிறவர். "மீன வாங்காம தண்ணிய வாங்குற மொத ஆள் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கேன் இறக்கிப்போவார்.

கொழும்பில் வாங்கிய விளக்கு மூன்று வாரம் எரிந்தது. முதல் வாரம் பட்டன்கள் விரிந்தன. இரண்டாவது வாரம் எதையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பதுபோல் காம்பு நீண்டு மேலே வந்தன. வெளிச்சம் போதாமல் தேடுகின்றன என்று ஜூலியட்டுக்குப் புரிந்தது. மூன்றாவது வாரம் கடற்பூ வெளுத்துச் சுருங்கியது. கல்லெல்லாம் பழுப்பாகப் பாசி படர்ந்தது. அவள் விளக்கைக் கழற்றி மேசையில் வைத்து ஒவ்வொரு திருகாணியாக எடுத்தாள். நீல டியூபின் முனையில் 03 இல்லை. வேறு எந்த எண்ணும் இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நீலம் உரிந்து நகத்தோடு வந்தது.

கடையில் விற்கிற சாதாரண டியூபில் நீலச் சாயம் அடித்திருந்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். கடையில் வாடிக்கையாளர் இரண்டு பேர் நின்றார்கள், ஒரு கணவனும் மனைவியும். கடைக்காரன் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான். தெஹியோவிட்ட லயத்திலிருந்து வருகிறேன், இது சாயம் பூசினது என்று சொல்லி அவள் டியூபை எடுத்து வைத்ததும், "உங்க லயத்து கரண்ட் ஒழுங்கில்லாதது. அதுக்கு நான் என்ன செய்ய? அதுசரி, லயத்துக் காம்பராவுக்குள்ள பவளம் வளக்கச் சொன்னது யாரு?" என்றான். சொல்லிவிட்டு அந்தக் கணவனைப் பார்த்துச் சிரித்தான். அவரும் கூடவே சிரித்தார்.

ஜூலியட் மேசைமேல் சோதித்துப் பார்க்க வைத்திருந்த பிடியில் டியூபைப் பொருத்தி, சுவிட்சைப் போட்டாள். கடை முழுக்க நீலம். வீட்டுச் சாவியை எடுத்து, எரிந்துகொண்டிருந்த டியூபின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பு. சாவி போன வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழுந்து, கண்ணைக் கூசுகிற மாதிரி ஒளிர்ந்தது. நீலத்தூள் மேசையில் உதிர்ந்தது.

சிரித்த மனிதர் சிரிப்பை நிறுத்தினார். அவர் மனைவி கையில் அதே படம் போட்ட பெட்டி இருந்தது. அதை மெதுவாக மேசைமேல் திரும்ப வைத்தாள்.

"வெளியில போ" என்றான் கடைக்காரன். அதுவரை 'நீங்க' என்றாவது சொல்லியிருந்தான். காசைத் திருப்பித் தரவில்லை. ஜூலியட் டியூபை எரியவிட்டே வெளியே வந்தாள். 

தெஹியோவிட்ட கடைத்தெருவில் மஷூருக்கு மின்சாதனக் கடை. பல்பு, வயர், பழைய மின்விசிறி திருத்துவது. இவள் சொன்னதை முழுதும் கேட்டவர், சிரிக்கவும் இல்லை, நோனாவைப் பற்றிக் கேட்கவும் இல்லை. ஒரு சுருள் பல்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, பெட்டியில என்ன வேணும்னாலும் அச்சடிப்பாங்க. அதப் பாக்காதீங்க. பல்போட கழுத்துல சின்னதா எழுதியிருக்கும், அத வாசிங்க. ரெண்டாயிரத்தி எழுநூறுன்னு போட்டிருந்தா மஞ்சள், சாப்பாட்டுக் கடைக்கு நல்லம். ஆறாயிரத்தி ஐந்நூறுன்னா பகல் வெளிச்சம். ஒங்க உசிருகளுக்கு அதுதான் வேணும்."

"நீலம்?"

"நீலத்துக்குத்தான் யோசிக்கோணும். 03ன்னு சொன்னீங்கதானே?" அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "ரத்னபுரயில நில அளவைப் பிளான் கொப்பி எடுக்கிற ஒரு இடத்துல நான் மெஷின் திருத்தினேன். அதுக்குள்ள எரியுற டியூப் அந்த ஜாதிதான். கேட்டுப் பாக்குறேன்."

பத்து நாளில் டியூப் வந்தது. இரண்டடி, முனையில் 03. பழையது இல்லை, உறை பிரிக்காதது. ஜூலியட் அதை அங்கேயே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மஷூர் கோபிக்கவில்லை.

விளக்குப் பெட்டியை அவளே செய்தாள். பலகையில் நான்கு சுருள் பல்பு, நடுவில் நீல டியூப். அச்சகத்தில் தூக்கிப்போடுகிற மெல்லிய அலுமினியத் தகட்டைக் கூரைபோல வளைத்து உள்ளே அடித்தாள். வெளிச்சம் மேலே வீணாகப் போகாமல் தண்ணீருக்குள் திரும்பி விழ வேண்டும். நெளிந்து கசங்கிய தகடு ஒளியைச் சிதறடிக்கும் என்று கண்டுபிடித்து, அடித்ததைப் பிய்த்து, சமமான தகடாக இன்னொன்று அடித்தாள். உப்பு நீர் தெறித்துப் பிடிகள் துருப்பிடிக்காமல் கீழே கண்ணாடி. மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச் இல்லாமல் இதை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று மஷூர் பிடிவாதமாக நின்று, அதையும் பொருத்தினார்.

முதல் நாள் ஐந்து மணி நேரம் மட்டும் எரியவிட்டாள். இருட்டுக்குப் பழகிய உயிருக்குத் திடீரென்று முழு வெளிச்சம் கொடுத்தால் கருகிவிடும். மூன்று நாளைக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டினாள். நவம்பர் மாதம் ஒருநாள் காலை, பால் வெட்டிவிட்டு வந்த ஐயாவு வாளியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுவிட்டார். மஷ்ரூம்கள் பச்சையாகியிருந்தன. கடற்பூ விரல்களின் நுனியெல்லாம் ஊதா.

"இதுதானா அது" என்றார்.

"இதுதான்."

கிளாக்கர் சுரேந்திரன் வந்தது அதற்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு. தோட்டத்து ஆபீஸில் பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறவர். லயத்துக்கு 2003இல்தான் கரண்ட் வந்தது, பியூஸ் பெட்டிகளெல்லாம் லயத்துக் கோடியில், சாவி அவரிடம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"யாரக் கேட்டு இவ்வளவு பல்பு போட்டீங்க?"

"என் காம்பராவுல பல்பு போட யாரக் கேக்கணுங்க?"

"காம்பரா ஒன்னோடதா? தோட்டத்தோடது. வீட்டுக்கு ரெண்டு பல்புன்னுதான் வயர் இழுத்துக் குடுத்தோம்." 'நீங்க' அடுத்த வாக்கியத்திலேயே 'நீ'யாகிவிட்டது.

"மொத்தமா நூத்தியிருவது வாட்டுக்குள்ள வரும், பம்பும் சேத்து. ஒங்க வீட்டு அயன் பெட்டி ஆயிரம் வாட்டு. பாத்திருக்கீங்களா?"

சுரேந்திரனுக்கு முகம் கறுத்தது. அவர் வீட்டைப் பற்றி லயத்துப் பெண் ஒருத்தி பேசி அவர் கேட்டதில்லை. "லயத்துல இருந்துகிட்டு மீனுக்கு பங்களா கட்டுறியா" என்று சொல்லிவிட்டுப் போனார். கோடியில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. விளக்கு அணைந்தது, தண்ணீருக்குக் காற்று ஊதும் பம்பு நின்றது. அவள் காம்பராவின் பியூஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

வெளிச்சம் இல்லாமல் பவளம் சில நாள் தாங்கும். தண்ணீர் அசையாமல் காற்று இறங்காமல் தாங்காது. ஜூலியட் கோப்பையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். மொண்டு ஊற்றி, மொண்டு ஊற்றி, கை வலித்தால் ஐயாவு வாங்கிக்கொண்டார். அவர் ஆபீசுக்குப் போய் இரண்டு தடவை கேட்டார். "துரை கொழும்புக்குப் போயிருக்கார். வந்தப்பொறகு பாப்போம்" என்றார் சுரேந்திரன், தலையைத் தூக்காமலே. தோட்டத்து மானேஜரான துரை எங்கும் போகவில்லை என்று பங்களாவில் சமைக்கிறவர் மூலம் தெரிந்தது.

மூன்றாம் நாள் கடற்பூ வாயைப் பிளந்துகொண்டு குழைந்து விழுந்தது. நான்காம் நாள் காலை அது செத்திருந்தது. செத்த கடற்பூவின் நாற்றத்தை முகர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அழுகிய மீன் அதன் பக்கத்தில் வராது. மற்ற உயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும் என்பதால் அதை உடனே எடுக்க வேண்டும். ஜூலியட் எடுத்து ஒரு தட்டில் வைத்தாள். வாசலுக்குப் பக்கத்தில் குழிதோண்ட ஐயாவு மண்வெட்டி எடுத்தார்.

"வேணாம்" என்றாள்.

தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். முக்கால் மைல் இறக்கம். வழியில் பால் கொண்டு போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். ஆபீசுக்குள் போய், சுரேந்திரன் எழுதிக்கொண்டிருந்த, ஆட்களின் வேலையும் சம்பளமும் பதிகிற செக்ரோல் புத்தகத்தின்மேல், அவர் பேனாவுக்கு மிக அருகில், தட்டை வைத்தாள்.

சுரேந்திரன் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். "என்னடி இது, எடு, எடுடி."

"நீங்க சட்டைப் பையில போட்டுட்டுப் போனதுதான். செத்துப்போச்சு. பாத்துக்குங்க."

நாற்றம் உள்ளறைக்குப் போயிற்று. துரை கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். என்ன இது என்று சிங்களத்தில் கத்தினார். ஜூலியட்டும் சிங்களத்தில்தான் பதில் சொன்னாள், ஒரு சொல் தடுமாறாமல். என் மீன் தொட்டிக்கு நான்கு நாளாகக் கரண்ட் இல்லை, உங்கள் கிளாக்கர் பியூஸைக் கழற்றினார், நீங்கள் கொழும்பில் இருப்பதாகச் சொன்னார், இது அதனால் செத்தது.

"எத்தன வாட்?" என்று துரை சுரேந்திரனைக் கேட்டார். சுரேந்திரனுக்குத் தெரியவில்லை.

"நூத்தியிருவதுக்குள்ள" என்றாள் ஜூலியட்.

"இதுக்கா என் ஆபீஸ நாறடிக்கிறீங்க? பியூஸக் குடுத்துத் தொல. இத இப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லு." துரை உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டார். ஏன் கழற்றினாய் என்று அவர் கேட்கவே இல்லை.

மத்தியானத்துக்குள் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. மஷ்ரூமில் ஒன்று கரைந்திருந்தது, மற்ற மூன்றும் பட்டன் கற்களும் தப்பிவிட்டன. ஐயாவு சந்தோஷமாகத்தான் இருந்தார். "நீ ஜெயிச்சிட்ட" என்றார்.

"நான் எங்க ஜெயிச்சேன். நீங்க ரெண்டு தடவ போய் மனுசனா நின்னு கேட்டீங்க, குடுக்கல. நாத்தத்துக்குக் குடுத்தானுங்க."

"வேற கடற்பூ ஒண்ணு கேட்டு வாங்குவோம்."

"வாங்கலாம். இது போனது போனதுதான்."

அவள் வேறொன்று வாங்கவில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் மஷூர் கடையில் உட்கார்ந்து விளக்குப் பெட்டி செய்தாள். அவிசாவளைப் பல் வைத்தியர் ஒருவருக்கு, ரத்னபுரயில் ஒரு ஹோட்டலுக்கு, மாணிக்க வியாபாரி ஒருவரின் வீட்டுக்கு. எல்லோருமே வந்ததும் மஷூரிடம்தான் பேசுவார்கள். "அந்தத் தங்கச்சியக் கேளுங்க, எனக்குத் தெரியாது" என்று அவர் கை காட்டிவிடுவார். பெரிய தொட்டி வாங்கிவிட்டோம், விளக்கு மட்டும் மலிவாக வேண்டும் என்று வருகிறவர்களை ஜூலியட் திட்டாத குறையாக அனுப்புவாள். விளக்குக்கு வசதி இல்லையென்றால் தொட்டியைச் சின்னதாக்குங்கள், அதுவும் முடியாவிட்டால் மீன் மட்டும் வளருங்கள், பவளத்தை இருட்டில் வைத்துப் பட்டினி போடாதீர்கள் என்பாள். டியூப் எரிந்துகொண்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கண்ணுக்குத் தெரியாமல் அதன் சக்தி இறங்கிவிடும் என்று சொல்லியும் மாற்றாதவர்களுக்கு இரண்டாம் தடவை ஒன்றும் செய்து கொடுத்ததில்லை. வியாபாரம் அதனால் கொஞ்சம் குறைந்தது. 

2009 ஜனவரியில் ஒருநாள் பகல், ஐயாவு தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். பட்டன்கள் கல்லை முழுக்க மூடி அடுத்த கல்லுக்கு ஏறியிருந்தன. காம்பராவுக்குள் அந்தத் தொட்டி ஒன்றுதான் வெளிச்சம். லயங்களுக்கு முன்பக்கம் கதவு, பின்பக்கம் ஜன்னல் இல்லாத வெறும் சுவர். கட்டின நாளிலிருந்து அப்படித்தான்.

"இதுகளுக்குப் பகல்ல ஒம்பது மணித்தியாலம் வெளிச்சம் குடுக்குறோம்" என்றார் அவர் பொதுவாக.

ஜூலியட் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பின்சுவரைப் பார்த்தாள்.  பிறகு, "அலவாங்கு எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைக்கே அந்தக் கடப்பாரையால் பின்சுவரை உடைத்தார்கள். அவள் கோடு போட்டாள், அவர் இடித்தார், இரண்டடிக்கு இரண்டடி. ஊரில் ஒரு பழைய ஜன்னல் சட்டம் வாங்கி மறுநாள் சிமெந்து வைத்துப் பூசினார்கள். நாலாம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது, தோட்டத்துக் கட்டடத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. கீழே சுரேந்திரனின் கையெழுத்து. ஜூலியட் அதை இரண்டு தடவை வாசித்தாள். பதில் எழுதவில்லை. மார்ச்சில் பக்கத்துக் காம்பராக்காரர் வந்து தன் பின்சுவருக்கென்று அலவாங்கு இரவல் கேட்டார். கொடுத்தாள். மழைக் காலத்தில் சாரல் உள்ளே அடிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே ஐயாவு ஜன்னலுக்கு வெளியே ஒரு தகரம் அடித்தார்.